நித்திரை மாஸ்டரின் பிரசவ வகுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நித்திரை மாஸ்டரைப் போல மனிதர்களைத் தூங்க வைத்தவர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் அவரிடம் வந்துதான் தொழில் பழக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் செய்கிற காரியத்தை அவர் வாயைத் திறந்தே செய்து முடித்துவிடுவார். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பக்கவிளைவும் இல்லை. பரீட்சையில் கோட்டை விடுவதைப் பக்கவிளைவாகக் கணக்கெடுத்தால் அது மட்டும் உண்டு.

அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதை அவருடைய மனைவியையும் தபால்காரரையும் தவிர வேறு யாரும் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. மானிப்பாயிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அவர் நித்திரை மாஸ்டர்தான். கோயில் திருவிழாவில் நன்றியுரைக்கு எழும்பினார் என்றால் தவில்காரர் தவிலிலேயே தலையைச் சாய்த்துவிடுவார். ஒருமுறை செத்தவீடொன்றில் இரங்கலுரை செய்தார். உரை முடிந்தபோது பெட்டிக்குள் படுத்திருந்தவருக்கும் வெளியே கதிரைகளில் இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஓட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் மரியாதையாக நிறுத்துவார்கள். "ஏறுங்கோ சேர், ஆனால் போய்ச் சேருமட்டும் கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் தொழிலுக்கு எதைத் தெரிவு செய்தார்? ரியூசன். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம், அதிலும் சேதன இரசாயனம். ஒரு கிடுகுக் கொட்டில், வரிசையாக வாங்குகள், ஒரு கரும்பலகை. மாஸ்டர் பலகையில் காபனின் குறியீட்டை எழுதி, அதிலிருந்து நான்கு பக்கமும் கோடு இழுப்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "காபனுக்கு நாலு கை, பிள்ளையள்" என்பார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது அந்தக் கொட்டிலில் படித்த ஒருவருக்கும் தெரியாது.

நானும் அங்கேதான் படித்தேன். படித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சண்டை மூண்டு, குடாநாட்டுக்கு வருகிற ஏ-நைன் பாதையைப் பூட்டிவிட்டு, சவர்க்காரமும் சீனியும் எப்போது கப்பலில் வரும் என்று ஊரே பார்த்திருந்த காலம் அது. அந்த நேரத்திலும் அம்மா எப்படியோ மாதாமாதம் மாஸ்டருக்குக் காசு கட்டினா. நான் கடைசி வாங்கில், தூணில் சாய்ந்து, அவ்வளவு காசுக்கும் நித்திரை கொண்டேன். பௌதிகமும் உயிரியலும் பாஸ், இரசாயனம் கவிழ்ந்தது. டொக்டராக வேண்டிய நான் இன்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், "அடுத்த வரியை வாசியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளைக் கோட் மட்டும் எப்படியோ வாய்த்துவிட்டது.

ஆகவே மாஸ்டரோடு எனக்கு ஒரு பழைய கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடு நான் கல்யாணம் முடித்து, கொஞ்சம் பிந்தியே பிள்ளைத்தாச்சியானேன்.

பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் தோடம்பழமும் வாயில் ஒரு பயங்கரக் கதையும் கொண்டுவருவது எங்கள் பக்கத்து மரியாதை. ஒரு மாமி தன் மூத்த மகனைப் பெற்ற கதையைத் தேத்தண்ணி ஆறுமட்டும் சொன்னா. இன்னொருத்தி, தன் ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு நடந்ததை நான் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, முழுவதையும் சொன்னா. எனக்கோ ஊசியைக் கண்டாலே கண் இருளும். நாள் போகப் போகப் பயம் கூடியது. கண்ணை மூடினால் மாமிமாருடைய கதைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நித்திரை குறைந்துகொண்டே போனது, பிறஷர் ஏறத் தொடங்கியது.

கிளினிக் மிஸி என் கையிலிருந்து பிறஷர் பட்டியைக் கழற்றியபடி சொன்னா: "உப்பைக் குறைச்சாச்சு, குளிசையும் தந்தாச்சு. நீர் நித்திரை கொள்ளாட்டி இது இறங்காது. இறங்காட்டி வெள்ளனவே ஆஸ்பத்திரி வாட்டிலை வந்து படுக்க வேணும். பிள்ளைக்கும் அது கூடாது."

நித்திரை கொள் என்று சொன்னால் நித்திரை வந்துவிடுமா? பிள்ளைக்குக் கூடாது என்ற சொல்லைக் கேட்டபிறகு இருந்த கொஞ்ச நித்திரையும் போனது.

அந்த நேரத்தில்தான் மானிப்பாய்ச் சந்தியில் அந்தப் பதாதை ஏறியது. உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் ரியூசன் நிலையங்கள் கட்டுமே, மாணவர்களின் முகத்தை வட்டமாக வெட்டி, கீழே மாவட்ட நிலையைப் போட்டு, அதே மாதிரி. ஆனால் வட்டங்களுக்குள்ளே இருந்தவை கைக்குழந்தைகள். சில அழுதன, சில நாக்கை நீட்டின. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் பிறந்த நிறை. எல்லாவற்றிலும் பாரம் கூடிய குழந்தை நடுவில், ஒரு சுற்றுப் பெரிதாக. மேலே கொட்டை எழுத்தில்: "எம்மிடம் பயின்று சுகப்பிரசவம் கண்ட தாய்மாரை வாழ்த்துகின்றோம்." கீழே மாஸ்டரின் படம், கோட்டும் ரையும் கட்டி. அதன்கீழ் "பிரசவ மனோவசிய ஆலோசகர்".

நடந்தது இதுதான். படம் போட்டுக் காட்டி, பகிடி விட்டுப் படிப்பிக்கிற இளம் மாஸ்டர்மார் வந்தபிறகு நித்திரை மாஸ்டரின் கொட்டில் காலியாகிவிட்டது. சும்மா இருந்த மனிதர் இணையத்தில் ஏதோ ஒரு குளிர் நாட்டாரிடம் மனோவசியப் பிரசவப் பயிற்சி படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார். வாழ்நாள் முழுவதும் தன்னுடைய குறை என்று நினைத்த ஒன்றுக்கு வெளிநாட்டில் பட்டம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் யார்தான் விடுவார்கள்?

என் கணவர் ரவீந்திரன் தண்ணீர் மோட்டர் விற்கிறவர். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மோட்டரால் அளப்பார். பதாதையைப் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"உந்தக் காசுக்கு ஒரு நல்ல மோட்டர் வாங்கலாம். மோட்டருக்கெண்டாலும் உத்தரவாதம் இருக்கு. உதுக்கு என்ன இருக்கு?" என்றார். பிறகு வழக்கம்போல், "எதுக்கும் விசாரிச்சுப் பாப்பம்" என்றார்.

எங்கள் ஊரில் விசாரிப்பது என்பது ஒரு தனித் தொழில். மாப்பிள்ளை, காணி, கறவை மாடு, ரியூசன் எல்லாம் விசாரித்துத்தான். ரவீந்திரன் சலூனில் விசாரித்தார், சங்கக் கடையில் விசாரித்தார், மோட்டர் பூட்டப் போன வீடுகளில் கிணற்றுக்குள் தலையை விட்டபடியே விசாரித்தார். சுதுமலையில் ஒரு பெண் மாஸ்டரிடம் போய்ச் சிரித்துக்கொண்டே பெற்றாளாம். அவளுடைய அக்கா மாஸ்டரிடம் போகாமலே சிரித்துக்கொண்டு பெற்றாளாம். சண்டிலிப்பாயில் ஒருத்தி போயும் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாளாம். விசாரணை முடிவில் எங்களுக்குத் தெரிந்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான்.

கடைசியில் ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளிடம் கேட்டோம். கணவரின் அக்கா. அவவுடைய ஒப்புதல் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கதிரைகூட இடம் மாறாது. இஞ்சை எல்லாரும் அதுதான் செய்கிறவை, படித்த ஆட்கள் அதுதான் செய்கிறவை என்று போனில் அரைமணித்தியாலம் விளக்கினா. தானும் செய்தவவாம். மெழுகுதிரி கொளுத்தி, பாட்டுப் போட்டு, மூச்சு விட்டவவாம்.

"அப்ப நோகேல்லையோ மச்சாள்?" என்று கேட்டேன்.

"இடையிலை முதுகிலை ஊசி கேட்டு வாங்கினனான்" என்றா. "ஆனா மெழுகுதிரி நல்ல வாசம்."

ரியூசன் என்றால் முதல் வகுப்பு இலவசம். இருந்து பார்த்து, பிடித்தால் காசு கட்டலாம். மாஸ்டர் அந்த வழக்கத்தைப் பிரசவத்துக்கும் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நானும் ரவீந்திரனும் போனோம். அதே கொட்டில், கிடுகுக்குப் பதிலாக இப்போது தகரம். வாங்குகளை ஓரம் கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பெண்களும், பெண்சாதிமாரின் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்களும் வந்தார்கள். மாஸ்டரின் மனைவி எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தா. அவவுக்கு ஒரு காது கேளாது. மாஸ்டர் கதைக்கத் தொடங்கினால் கேளாத காதை அவர் பக்கம் திருப்பிவிடுவா. குடாநாட்டில் அவருடைய குரலுக்கு நித்திரை கொள்ளாத ஒரே ஆள் அவதான். இல்லாவிட்டால் அந்த வீட்டில் சோறு வெந்திருக்காது.

மாஸ்டர் கோட்டுப் போட்டிருந்தார், வியர்த்துக் கொட்டியது. குளிர் நாட்டாரின் பாடத்தைத் தானே தமிழாக்கி வைத்திருந்தார். கண்ணை மூடச் சொன்னார். "நீங்கள் இப்ப லாவெண்டர் வயலுக்குள்ளை நடக்கிறியள்" என்றார்.

கொடிகாமத்திலிருந்து வந்த ஒருத்தி கண்ணைத் திறந்தாள். சந்தையில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறவள். "அது என்ன வயல் சேர்? அறுவடை எப்ப?"

மாஸ்டர் தாளைப் புரட்டினார். "சரி, அதை விடுவம். தூரத்திலை ஒரு சின்ன மரவீடு. வெளியிலை பனி கொட்டுது. நீங்கள் வெறுங்காலோடை..."

"இந்த வயித்தோடை குளிருக்குள்ளை எங்களை ஏன் சேர் விடுறியள்?" என்றாள் அவளே.

மாஸ்டர் பனியையும் விட்டுவிட்டு விதிகளுக்கு வந்தார். அவருடைய வகுப்பில் வயிற்றுக்குத்து என்ற சொல் தடை. வலியைச் சொல்கிற நோ என்ற சொல்லும் தடை. குத்து வரும்போது அலை வருகிறது என்றுதான் நினைக்க வேண்டும், அலை வரும், உங்களைத் தூக்கும், போய்விடும் என்றார்.

பின்வரிசையில் பருத்தித்துறைப் பெண் ஒருத்தி இருந்தாள். கணவன் கடலுக்குப் போகிறவன், அன்றைக்குப் பக்கத்தில் கைகட்டி இருந்தான். அவள் மெல்லச் சொன்னாள்: "சேர், அலை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எங்கடை பக்கத்திலை அலை வருது எண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுறது."

மாஸ்டர் பேனையை எடுத்துத் தன் தாளில் அந்தச் சொல்லை வெட்டினார். "என்ரை பிழை பிள்ளை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ் எண்டு வைப்பம்" என்றார். "பஸ் வரும். இரைஞ்சுகொண்டு வரும், புழுதி கிளப்பும். நீங்கள் மறிக்கத் தேவையில்லை. அது தன்ரை பாட்டிலை போகும். அடுத்தது வருமட்டும் இருக்கலாம்." குளிர் நாட்டாருக்கு இது தெரிந்தால் சான்றிதழைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். எங்களுக்கு விளங்கியது.

ஆனால் விளங்கினதால் நித்திரை வரவில்லை. தலையணை தூக்கி வந்த ஆண்கள் அத்தனை பேரும் அந்தத் தலையணைகளிலேயே குறட்டை விட்டார்கள், என் கணவர் முதல் ஆளாக. பெண்கள் எல்லோரும் கண் விழித்து, கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை பெறப்போகிறவர்கள் யார் என்று அந்தக் கொட்டிலுக்குள் அப்போது யாராவது எட்டிப் பார்த்திருந்தால் குழம்பியிருப்பார்கள்.

மாஸ்டர் தாளை மடித்தார். கோட்டைக் கழற்றினார். கை வேறு வேலை இல்லாமல் பழைய கரும்பலகைப் பக்கம் போனது. ஒரு சோக்குத் துண்டை எடுத்தார். தன்னை அறியாமலே குறியீட்டை எழுதி, நான்கு பக்கமும் கோடு இழுத்தார். திரும்பினார்.

"காபனுக்கு நாலு கை, பிள்ளையள்."

நான் கண் விழித்தபோது என் தலை கொடிகாமத்துக்காரியின் தோளில் இருந்தது. அவளுடைய தலை சுவரில். பருத்தித்துறைப் பெண் பாயில் சுருண்டு கிடந்தாள். வெளியே வெயில் தணிந்திருந்தது. மாதக்கணக்கில் நான் அப்படி நித்திரை கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரவீந்திரன் கட்சி மாறிவிட்டார். தன்னுடைய வாழ்க்கையில் இப்படியொரு நித்திரை கொண்டதில்லை என்றும் மோட்டரைப் பிறகு வாங்கலாம் என்றும் சொன்னார். பெறப்போவது தான் அல்ல என்பது அவருடைய நினைவிலேயே இல்லை. எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. ஒரே மனிதர், ஒரே கரும்பலகை, அதே காபன். அதற்கு அம்மா ஒருமுறை கட்டினா, நான் இன்னொருமுறை கட்டுவதா? அடுத்த கிளினிக்கில் பிறஷர் இன்னும் ஏறியிருந்தது. மிஸி வாட்டில் கட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போனா. அப்படியிருந்தும் நான் பிடிவாதமாக, காசு கட்ட மாட்டேன் என்று மாஸ்டருக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். போனில் சொன்னால் கோபம் சரியாகப் போய்ச் சேராது.

கொட்டிலின் ஒரு மூலையை மறைத்து அலுவலகம் என்று பெயர் வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "சரி பிள்ளை" என்றார். பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை. சண்டைக்கென்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போன எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

"சேர், நான் உங்களிட்டைப் படிச்சனான். நித்திரை கொண்டுதான் எனக்குக் கெமிஸ்ட்ரி போனது. ஒரு நாளெண்டாலும் என்னை எழுப்பியிருக்கலாம்தானே?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அந்தக் கண்ணாடி அவருக்குப் பொருந்தாமல் போய்ப் பல வருடம் இருக்கும் என்று என் தொழில் அந்த நேரத்திலும் எனக்குச் சொன்னது.

"சுகந்தி. கடைசி வாங்கு, தூணோடை. வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுவாய்" என்றார். "எழுப்ப மனம் வரேல்லை பிள்ளை. பாதை பூட்டின காலம். இரவிரவா முகமாலைப் பக்கம் செல் விழுந்து வெடிக்கிற சத்தம். விடிய நீங்கள் வரேக்கை ஒருத்தற்றை கண்ணும் கண்ணா இருக்காது. வீட்டிலை படுக்கப் பயம், ரோட்டிலை நடக்கப் பயம். இந்தக் கொட்டிலுக்குள்ளை வந்துதான் பயமில்லாமல் படுத்தியள். அதையும் நான் கெடுக்கிறதோ?"

அந்த இரவுகளை நான் மறந்தே போயிருந்தேன். அம்மா சுவரோடு சுவராக எங்களை இருத்தி வைத்திருந்ததும், சத்தம் கிட்ட வருகிறதா தூரப் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்டதும், இவர் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தன. ஆனால் கோபத்தோடு வந்தவள் அழுதுகொண்டு போவது அழகல்ல.

"அப்ப என்னத்துக்கு சேர் மாதாமாதம் காசு வாங்கினீங்கள்?"

"அது வாங்கு வாடகை" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது நான் சொல்ல நினைக்காத ஒன்று வாயில் வந்தது. "எனக்குச் சரியான பயமா இருக்கு சேர்."

"பயம் போகும் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றார் அவர். "பதாதையிலை அப்பிடிப் போட்டிருக்கிறன், அது விளம்பரம். நித்திரை வரும். அதுக்குத்தான் காசு."

அவ்வளவு நாணயமாக என்னிடம் எவரும் எதையும் விற்றதில்லை. பழைய மாணவிக்குக் காசில் கழிவு உண்டா என்று கேட்டேன். பழைய மாணவிக்குக் கூடத்தான் வாங்க வேண்டும், ஒரே சேவையை இரண்டாந்தரம் செய்கிறேன் என்றார். கட்டிவிட்டேன்.

அதன்பிறகு வகுப்பு முழுக்கக் காபன்தான். லாவெண்டர் வயல் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. தமிழ்ப் பிள்ளை பிறக்க வேண்டுமானால் மாதிரிப் பரீட்சை இல்லாமல் முடியுமா? அதுவும் நடந்தது. ஐஸ் கட்டியைக் கையில் பொத்திக்கொண்டு மூச்சுவிடப் பழக வேண்டும். ஐஸ் கொண்டுவந்தது பருத்தித்துறைப் பெண்ணின் கணவன். மீன் பெட்டியிலிருந்து எடுத்தது, கொட்டிலே நாறியது. பெண்கள் எல்லோரும் பாஸ். பார்த்துக்கொண்டிருந்த ரவீந்திரன், தானும் செய்கிறேன் என்று வாங்கி, "ஐயோ" என்று கீழே போட்டார். கடைசி வாரம் இறுதிக் கருத்தரங்கு. வகுப்பை முழுவதும் போனில் பதிந்துகொள்ளச் சொன்னார். எல்லோரும் பதிந்தோம், எல்லோரும் நித்திரையானோம், போன்கள் மட்டும் விழித்திருந்தன.

வீட்டில் அந்தப் பதிவைப் போட்டால் நாலு கை வருமுன் எனக்குக் கண் செருகும். பிறஷர் இறங்கியது. மிஸி நம்பாமல் பட்டியை மற்றக் கையிலும் கட்டிப் பார்த்தா. வாட்டுக் கட்டில் வேறு யாருக்கோ போனது.

பிரசவத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விடியக் குத்துத் தொடங்கியது. முதல் பஸ் வந்தபோது மறிக்காமல் விட்டேன். இரண்டாவதும் போனது. பிறகு வந்தது பஸ் அல்ல. சண்டிலிப்பாய்க்காரி அதிர வைத்த ஆஸ்பத்திரியை நான் இன்னொருமுறை அதிர வைத்தேன். மனோவசியம், மூச்சு, மீன் ஐஸ் எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர்களை ஒவ்வொருவராக ஏசினேன், மாஸ்டரைத் தனியாக ஏசினேன். வெளியே வாங்கில் இருந்த என் கணவர் காதில் மாஸ்டரின் பதிவை மாட்டிக்கொண்டு நித்திரை கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மத்தியானம், பிள்ளை திரும்பவில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகில் ஊசி. மயக்க ஊசி போடுகிற டொக்டர் என் வயதுக்காரர். மருந்தை எடுத்தபடி எந்த ஊர் என்று கேட்டார். மானிப்பாய் என்றேன்.

"அப்ப நித்திரை மாஸ்டரிட்டைப் படிச்சிருப்பீங்கள்" என்றார். "நானும் அங்கைதான். கொட்டில் வாசலிலை, வெயில் முகத்திலை அடிக்கிற இடம். அதாலை ஒரு நாளும் நித்திரை கொள்ளக் கிடைக்கேல்லை."

விழித்திருந்த ஒரே மாணவன் டொக்டராகி, மற்றவர்களைத் தூங்க வைக்கிற வேலைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "முதுகை வளையுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மெல்லத் தொடங்கினார்: "காபனுக்கு நாலு கை. பிறகு சேர் என்ன சொல்லுவார் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அதற்குள் ஊசி ஏறி முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில், நெஞ்சுக்கு மேலே கட்டியிருந்த திரையின் அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. அந்த அழுகையில் டொக்டரிடம் மிச்சத்தைக் கேட்க மறந்துபோனேன்.

மாஸ்டருக்குப் பெரிய சிக்கல் வந்தது. சுகப்பிரசவம் என்று போட்ட பதாதையில் வெட்டி எடுத்த பிள்ளையை எப்படிப் போடுவது? என்னை இரண்டாந்தரம் எழுதச் சொல்லுவாரோ என்று நான் பயந்தேன். ஆனால் ரியூசன் மூளை அப்படி இலகுவில் தோற்காது. அடுத்த மாதம் சந்தியில் ஏறிய பதாதையில் இரண்டு பிரிவு இருந்தது. கணிதப் பிரிவு, வணிகப் பிரிவு மாதிரி, இடப்பக்கம் "சுகப்பிரசவப் பிரிவு", வலப்பக்கம் "சத்திரசிகிச்சைப் பிரிவு". இரண்டாம் பிரிவில் என் மகள் மட்டும், வட்டத்துக்குள் வாயைப் பிளந்தபடி. கீழே "முதலிடம்". ரவீந்திரன் அதன்முன் நின்று படம் பிடித்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார். பிறகு தன்னுடைய செலவில் மாஸ்டரின் கிணற்றுக்கு ஒரு மோட்டர் பூட்டிக் கொடுத்தார், உத்தரவாதத்தோடு. நான் மாஸ்டரைக் கடைக்குக் கூப்பிட்டு, கண்ணைப் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன்.

போன கிழமை ஒரு மத்தியானம் மகள் விடாமல் அழுதாள். தோளில் போட்டு நடந்தேன், தாலாட்டினேன், பலன் இல்லை. கடைசியில் போனில் மாஸ்டரின் பதிவைப் போட்டேன். "காபனுக்கு நாலு கை, பிள்ளையள்." மகள் கொட்டாவி விட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்த ரவீந்திரனின் தலை சாய்ந்தது. இருவரும் நித்திரை. எனக்குப் பிள்ளை கையில். நானும் கண்ணயர்ந்தால் அவள் விழுந்துவிடுவாள் என்று, வாழ்க்கையில் முதல்தரமாக அந்தக் குரலுக்கு முன்னால் விழித்திருந்தேன்.

ஒரு கையும் சும்மா இருக்காது, ஆரையாவது பிடிச்சுக்கொள்ளும், காபன் ஒருநாளும் தனிய நிக்காது என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு சோக்கைக் கீழே வைக்கிற சத்தம். யாரோ குறட்டை விடுகிறார்கள், அது நானாகத்தான் இருக்க வேண்டும். குரல் இன்னும் தணிந்தது.

"எல்லாரும் படுத்திட்டியள் போலை. நல்லது. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, நான் இஞ்சைதான் நிக்கிறன்."

அதன்பிறகு அவர் ஒருவரும் கேளாத அந்தக் கொட்டிலில் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, முடிவு வரைக்கும் படிப்பித்தார். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். நல்ல வடிவாகத்தான் படிப்பித்திருக்கிறார், பாவம் மனுசன்.